கழுத்தை நெரிக்கும் "வொர்ரி"!

ஓநாயின் பல்லில் வளர்ந்து, மனிதனின் மனத்தில் குடியேறிய ஒரு சொல்லின் கதை

"வொர்ரி பண்ணாதே!"

இந்த வார்த்தை காதில் விழாத வீடு இன்று இல்லை. பரீட்சைக்குப் புறப்படும் மகனிடம் தந்தை சொல்கிறார். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லவில்லையே என்று கலங்கும் மனைவியிடம் கணவன் சொல்கிறான். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம், பார்க்க வந்தவர் சொல்கிறார். இங்கிலீஷ் படித்தவர்களும் சொல்கிறார்கள், படிக்காதவர்களும் சொல்கிறார்கள்.

"வொர்ரி" என்றால் கவலை. அது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால், அந்தச் சொல் பிறந்தபோது அதற்குக் கவலை என்ற அர்த்தமே கிடையாது. அப்போது அதற்கு இருந்த அர்த்தம் என்ன தெரியுமா?

கழுத்தை நெரிப்பது!

ஆம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, "அவனை வொர்ரி செய்தான்" என்று ஒருவர் சொன்னால், கேட்டவர்கள் அலறி அடித்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். அங்கே ஒரு கொலை நடந்திருக்கிறது என்று பொருள்!

கொலைக்குப் பெயராக இருந்த சொல், கவலைக்குப் பெயராக மாறியது எப்படி? அது ஒரு சுவையான கதை. அந்தக் கதையில் ஓநாய் வருகிறது. ஆடு வருகிறது. ஒரு கொலைகாரரும் வருகிறார். அந்தக் கொலைகாரர் பிறந்தது நம் பக்கத்தில், யாழ்ப்பாணத்தில்!

சொல்லுக்கும் வயது உண்டு

மனிதர்களைப் போலவே சொற்களும் பிறக்கின்றன, வளர்கின்றன, குணம் மாறுகின்றன.

தமிழில் "நாற்றம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் பூவின் மணத்தையும் நாற்றம் என்றுதான் சொன்னார்கள். இன்று ஒருவரிடம், "உங்கள் வீட்டில் நாற்றம் அடிக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். சண்டைக்கு வந்துவிடுவார்! சொல் அதேதான். அர்த்தம்தான் மாறிவிட்டது.

"வொர்ரி" என்ற சொல்லும் அப்படித்தான் மாறியது.

இங்கிலாந்தில் பழங்காலத்தில் பேசிய ஆங்கிலம், இன்றைய ஆங்கிலேயர்களுக்கே புரியாது. அந்தப் பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் "விர்கன்" என்பதுபோல் ஒலித்தது. கழுத்தை நெரித்தல் என்பதுதான் அதன் பொருள்.

ஆங்கிலத்துக்கு ஜெர்மன் மொழி பங்காளி. ஜெர்மன் மொழியில் இந்தச் சொல்லின் உடன்பிறப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. "வூர்கன்" என்பது அதன் பெயர். ஜெர்மன்காரர்கள் அதை இன்றும் பழைய அர்த்தத்தில்தான் சொல்கிறார்கள். கழுத்தை நெரிப்பது என்றால் அவர்களுக்கு வூர்கன்தான்.

இங்கிலாந்துக்காரர்கள் மட்டும் அந்தச் சொல்லை வேறு வழியில் அழைத்துப் போனார்கள்.

ஓநாய் வந்தது!

இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் பெரிய செல்வம் எது? ஆடு!

செம்மறி ஆட்டின் ரோமத்தை விற்றுத்தான் அந்த நாடு பணம் சேர்த்தது. அந்த நாட்டின் பிரபுக்கள் சபையில், சபைத் தலைவருக்கு இன்றும் ஆட்டு ரோமம் அடைத்த மெத்தை ஆசனம்தான் போடுகிறார்கள். ஆட்டு ரோமத்தால் நாடு வாழ்ந்தது என்பதை மறக்காமல் இருக்க அது ஓர் அடையாளம்.

ஆடு இருக்கும் இடத்தில் ஓநாய் வரும் அல்லவா?

ஓநாய் ஆட்டை எங்கே பிடிக்கும்? கழுத்தில்! பல்லைப் பதித்து, மூச்சுவிட முடியாமல் இறுக்கி, உலுக்கிக் கொல்லும். ஆட்டு இடையர்கள் இந்தக் கொடுமையைச் சொல்ல ஒரு சொல்லைத் தேடினார்கள். பழைய "நெரிக்கும்" சொல் கைகொடுத்தது. "ஓநாய் ஆட்டை வொர்ரி செய்தது" என்றார்கள்.

கை செய்த வேலை பல்லுக்கு மாறியது. சொல்லும் கையிலிருந்து பல்லுக்குத் தாவியது.

பிறகு இங்கிலாந்தில் ஓநாய்களை வேட்டையாடித் தீர்த்தார்கள். 15-ம் நூற்றாண்டின் முடிவுக்குள் அவை அநேகமாக அற்றுப்போயின. ஆனால், வெறிபிடித்த நாய்கள் இருந்தன. ஓநாய் செய்ததை நாய் செய்தது. சொல்லும் நாய்க்கு வந்தது.

"ஜாக் கட்டிய வீடு" என்று ஆங்கிலக் குழந்தைகள் பாடும் பாட்டு ஒன்று உண்டு. எலியைப் பூனை கொல்லும். அந்தப் பூனையை நாய் "வொர்ரி" செய்யும். நாய் பூனைக்குக் கவலை கொடுத்ததாக நினைத்துவிடாதீர்கள். கடித்துக் குதறியது என்று அர்த்தம்!

சட்டத்தில் தங்கிய சொல்

பழைய அர்த்தம் செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. இங்கிலாந்தின் சட்டப் புத்தகத்தில் அது இன்னும் இருக்கிறது.

1953-ம் ஆண்டில் அங்கே ஒரு சட்டம் வந்தது. கால்நடைகளை நாய்களிடமிருந்து பாதுகாக்கும் சட்டம் அது. விவசாய நிலத்தில் ஒரு நாய் ஆடு மாடுகளை "வொர்ரி" செய்தால், நாயின் சொந்தக்காரர் குற்றவாளி என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

நாய் கடித்தால்தான் குற்றமா? இல்லை. காயமோ, துன்பமோ உண்டாகும்படி துரத்தினாலே குற்றம். சினையாக இருக்கும் ஆட்டை நாய் துரத்தினால், கடிக்காமலே கரு கலைந்துவிடக்கூடும். ஆட்டுக்குப் பயமே போதும்!

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பல் படவில்லை. ரத்தம் வரவில்லை. ஆனாலும் ஆடு பாதிக்கப்படுகிறது. இந்தச் சொல் உடம்பிலிருந்து மனத்துக்குப் போன பாதையும் இதுதான்.

கழுத்தில் பல்லைப் பதிப்பது வொர்ரி. பிறகு, விடாமல் துரத்துவதும் வொர்ரி. ஒரு மனிதனை இன்னொரு மனிதன் ஓயாமல் தொந்தரவு செய்வதும் வொர்ரி. கடன்காரன் வாசலில் வந்து நின்றால், அவனும் ஒரு வகையில் ஓநாய்தானே!

ஜான்சனுக்குத் தெரியாத கவலை

லண்டனில் சாமுவேல் ஜான்சன் என்று ஒரு மேதை இருந்தார். புத்தக வியாபாரியின் மகன். பணம் இல்லாததால் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர். எட்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, ஆங்கிலத்துக்கு ஒரு பெரிய அகராதியை உண்டாக்கினார். அது 1755-ம் ஆண்டில் வெளிவந்தது. 40 ஆயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் அதில் இருந்தன.

அந்த அகராதியில் "வொர்ரி" என்ற சொல்லைத் தேடினால் என்ன கிடைக்கும்? மிருகம் தன் இரையைக் கிழிப்பது என்று ஓர் அர்த்தம். ஒருவரைக் கொடுமையாகத் துன்புறுத்துவது என்று இன்னோர் அர்த்தம். மனத்துக்குள் கவலைப்படுவது என்ற அர்த்தம் அதில் இல்லை!

ஜான்சன் கவலையே அறியாதவரா? அதுதான் இல்லை. வாழ்நாள் முழுவதும் மனச்சோர்வால் வாடியவர் அவர். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடுமோ என்று அஞ்சி அஞ்சிக் காலம் கழித்தவர். இன்று நாம் "வொர்ரி" என்று சொல்வதை முழுக்க அனுபவித்தவர். ஆனால், அதற்கு அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது.

19-ம் நூற்றாண்டில்தான் அந்தப் புது அர்த்தம் வந்தது. முதலில், "அந்த விஷயம் என்னை வொர்ரி செய்கிறது" என்றார்கள். பிறகு அதையும் சுருக்கி, "நான் வொர்ரி செய்கிறேன்" என்றார்கள்.

இந்த மாற்றம் சின்ன மாற்றம் அல்ல. யோசித்துப் பாருங்கள்.

பழைய காலத்தில் ஓநாய் வொர்ரி செய்தது. ஆடு அகப்பட்டுக்கொண்டது. கடிப்பது ஒன்று, கடிபடுவது வேறொன்று. இப்போது, "நான் வொர்ரி செய்கிறேன்" என்கிறோம். ஓநாய் எங்கே? ஆடு எங்கே? இரண்டும் ஒருவரே! நம் கழுத்தை நாமே பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்

இவ்வளவு பழைய சங்கதிகளை யார் கண்டுபிடித்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம்.

ஆக்ஸ்போர்டு அகராதி என்று ஓர் அகராதி உண்டு. ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டில், எந்தப் புத்தகத்தில், எந்த அர்த்தத்தில் வந்தது என்பதை அது சொல்லும். இந்த அகராதிக்கு 1857-ம் ஆண்டில் யோசனை பிறந்தது. முதல் பதிப்பு முழுவதும் முடிந்தது 1928-ம் ஆண்டில். எழுபது ஆண்டு வேலை! 4 லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். 18 லட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள்.

இந்த வேலைக்குத் தலைவராக 1879-ம் ஆண்டில் வந்தவர் ஜேம்ஸ் மர்ரே. தையல்காரரின் மகன். அவர் பொதுமக்களைப் பார்த்து ஒரு வேண்டுகோள் விடுத்தார். "பழைய புத்தகங்களைப் படியுங்கள். நல்ல சொல் கண்ணில் பட்டால், அது வரும் வாக்கியத்தை ஒரு சீட்டில் எழுதித் தபாலில் அனுப்புங்கள்" என்பது அதன் சாரம்.

சீட்டுகள் மலைபோல் வந்து குவிந்தன. மர்ரே தம் வீட்டுத் தோட்டத்தில் இரும்புத் தகட்டால் கொட்டகை போட்டு, நூற்றுக்கணக்கான பொந்துகள் வைத்த அலமாரிகளில் அவற்றை அடுக்கினார்.

அப்படிச் சீட்டு அனுப்பியவர்களில் தலைசிறந்த ஒருவர் டாக்டர் வில்லியம் செஸ்டர் மைனர். அமெரிக்கர். ஆனால், அவர் பிறந்தது இலங்கையில். 1834-ம் ஆண்டு. அவருடைய தந்தை, யாழ்ப்பாணத்தை அடுத்த மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகத்தைக் கவனித்துக்கொண்டவர். அந்த மிஷன் அச்சகத்தில்தான் 1842-ம் ஆண்டில் ஒரு தமிழ் அகராதி அச்சானது. "மானிப்பாய் அகராதி" என்று தமிழ்ப் புலவர்கள் இன்றும் சொல்வது அதைத்தான்.

மைனர் 14-வது வயதில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். டாக்டரானார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ராணுவ டாக்டராக வேலை பார்த்தார். அதன் பிறகு அவருடைய மனம் கெட்டது. இரவில் யாரோ அறைக்குள் வருகிறார்கள், தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. விளக்கை அணைத்தால் தூக்கம் இல்லை. இடம் மாறினால் நல்லது என்று லண்டனுக்கு வந்தார். பயமும் கூடவே வந்தது.

1872-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். விடிவதற்கு முன், லண்டன் தெருவில் ஒரு மனிதர் நடந்து வந்தார். அவர் பெயர் ஜார்ஜ் மெர்ரட். பீர் ஆலையில் அடுப்புக்கு நிலக்கரி தள்ளும் தொழிலாளி. வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தன் அறைக்குள் வந்தவன் இவன்தான் என்று நினைத்துவிட்டார் மைனர். துப்பாக்கியால் சுட்டார். மெர்ரட் செத்து விழுந்தார்.

வீட்டில் ஆறு குழந்தைகள். மனைவி கர்ப்பிணி.

மைனருக்குப் புத்தி சுவாதீனம் இல்லை என்று கோர்ட்டு முடிவு செய்தது. பிராட்மூர் என்ற மனநோய் விடுதியில் அவரை அடைத்தார்கள். தான் சுட்டது ஒரு நிரபராதியை என்பது தெளிந்த நேரங்களில் அவருக்குப் புரிந்தது. மெர்ரட்டின் மனைவிக்குப் பண உதவி செய்தார்.

ராணுவ பென்ஷன் வந்துகொண்டிருந்தது. அதைக் கொண்டு புத்தகங்கள் வாங்கினார். மர்ரேயின் வேண்டுகோள் கண்ணில் பட்டது. அன்று முதல் சுமார் இருபது ஆண்டுகள், அந்த அறையில் உட்கார்ந்து சொற்களைத் தேடித் தேடி ஆயிரக்கணக்கான சீட்டுகளை எழுதி அனுப்பினார். கடந்த நான்கு நூற்றாண்டுகளின் சொற்களுக்கு, மைனர் தந்த மேற்கோள்களை மட்டும் வைத்தே விளக்கம் எழுதிவிடலாம் என்று மர்ரே பாராட்டினார்.

பகலில் சொல் தேடினார். இரவில் பயம் வந்தது. அந்தப் பயம் கடைசிவரை அவரை முழுசாக விடவில்லை. ஆனால், பகல் நேரத்தை அவர் அதனிடம் கொடுக்கவில்லை. 1910-ம் ஆண்டில் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1920-ம் ஆண்டில் காலமானார். தந்தை இருந்த ஊரில் தமிழ் அகராதி. மகன் கையால் ஆங்கில அகராதி! விதியின் விளையாட்டைப் பாருங்கள்.

எல்லாம் ஒரே குடும்பம்

"வொர்ரி" மட்டும்தான் கழுத்தைப் பிடிக்கிறதா? இல்லை. ஆங்கிலத்தில் கவலையைக் குறிக்கும் இன்னொரு சொல் "ஆங்ஸைட்டி". டாக்டர்கள் இதைத்தான் அதிகம் சொல்வார்கள். இது லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அந்த மொழியில் "ஆங்கெரெ" என்றால் இறுக்குவது, நெரிப்பது!

வெவ்வேறு வேர். வெவ்வேறு மொழி. ஆனால், இரண்டு சொல்லும் வந்து நிற்கும் இடம் ஒன்றே. தொண்டை!

இந்த ஆங்ஸைட்டிக்கு ஒரு பெரிய குடும்பமே உண்டு. கோபத்துக்கு ஆங்கிலத்தில் "ஆங்கர்" என்கிறோமே, அது இதன் தூரத்துச் சொந்தம். முதலில் அதற்குத் துன்பம் என்றுதான் பொருள். பிறகுதான் கோபம் ஆயிற்று. கவலைப்படுகிறவர் வீட்டில் எரிந்து விழுவது ஏன் என்று இப்போது தெரிகிறதா? கவலையும் கோபமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்!

மாரடைப்புக்கு முன்னோடியாக வரும் நெஞ்சு வலியை "ஆஞ்சைனா" என்கிறார்கள். அதுவும் இந்தக் குடும்பம்தான். முதலில் அது தொண்டை நோய்க்குப் பெயர். 1768-ம் ஆண்டில் லண்டன் டாக்டர் வில்லியம் ஹெபர்டன், நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும் நோய்க்கு அந்தப் பெயரை வைத்தார்.

இன்னும் சில சொற்களைப் பாருங்கள்.

பேனிக்: திடீர்ப் பீதி. பழைய கிரேக்கர்களுக்குப் பான் என்று ஒரு காட்டுத் தெய்வம் உண்டு. தனி வழியில் போகிறவர்களுக்குக் காரணமில்லாமல் பயம் வந்தால், அது பான் வேலை என்றார்கள். அதிலிருந்து பேனிக்.

நாஸியா: குமட்டல். கிரேக்க மொழியில் "நவுஸ்" என்றால் கப்பல். கப்பலில் போகும்போது வயிறு புரட்டுகிறதல்லவா? அதுதான்.

நைட்மேர்: கெட்ட கனவு. "மேர்" என்பது, தூங்குகிறவர் நெஞ்சின்மேல் ஏறி உட்காரும் ஒரு பேய். நம் ஊரில் "அமுக்குவான்" என்பார்களே, கிட்டத்தட்ட அதேதான்!

டென்ஷன்: இது இப்போது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. லத்தீன் மொழியில் இழுத்துக் கட்டுவது என்று பொருள். வில்லில் நாணை இழுத்துக் கட்டினால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது மனம்.

டிஸீஸ்: இன்று நோய் என்று அர்த்தம். ஆனால், "ஈஸ்" என்றால் சுகம். "டிஸ்" என்றால் இல்லை. சுகமில்லை! 14-ம் நூற்றாண்டில் அதற்கு மனச்சங்கடம் என்ற பொருளும் இருந்தது. "உடம்பு சுகமில்லை" என்று நாம் சொல்வதும் அதே மாதிரிதானே?

தொண்டை ஏன் அடைக்கிறது?

கவலைக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம்? கவலை மனத்தில்தானே இருக்கிறது?

நாமும், "தொண்டையை அடைக்கிறது", "மூச்சு முட்டுகிறது", "நெஞ்சு படபடக்கிறது", "வயிற்றைக் கலக்குகிறது" என்கிறோம். கஷ்டகாலத்தை "நெருக்கடி" என்கிறோம். நாலு பக்கமும் நெருக்குவது போல் இருப்பதால்தானே அந்தப் பெயர்?

இதற்கு விஞ்ஞானம் பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிலைக் கண்டுபிடிக்க உதவியது ஒரு பூனை!

1895-ம் ஆண்டில் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்குள், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் கேனன் என்ற வைத்திய மாணவர் ஒரு சோதனை செய்தார். எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய ஒரு மருந்தைச் சோற்றில் கலந்து பூனைக்குக் கொடுத்தார். பூனையின் இரைப்பை அசைந்து அசைந்து வேலை செய்வது தெரிந்தது. திடீரென்று பூனை மிரண்டது. இரைப்பை நின்றுவிட்டது! பூனை அமைதியானதும் மறுபடியும் வேலை செய்தது.

கேனன் அதை விடவில்லை. பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1915-ம் ஆண்டில் ஒரு புத்தகம் எழுதினார். ஆபத்து வரும்போது உடம்பு இரண்டில் ஒன்றுக்குத் தயாராகிறது என்றார். ஒன்று, எதிர்த்துப் போராடுவது. இல்லையேல், தப்பி ஓடுவது.

சிறுநீரகங்களுக்கு மேலே இரண்டு சிறிய சுரப்பிகள் இருக்கின்றன. அவை "அட்ரினலின்" என்ற பொருளை ரத்தத்தில் விடுகின்றன. இருதயம் வேகமாக அடிக்கிறது. ரத்தம் கை கால்களுக்குப் பாய்கிறது. ஓடும்போது சாப்பாடு எதற்கு? எனவே வயிறு வேலையை நிறுத்துகிறது. வாயில் எச்சில் வற்றுகிறது. தசைகள் இறுகுகின்றன. தொண்டையில் உருண்டை நிற்பதுபோல் இருக்கிறது.

புலி வந்தால் இதெல்லாம் நல்லதுதான். ஓடித் தப்பலாம். ஆனால், புலிக்குப் பதில் கடன் பத்திரம் வந்தால்? பரீட்சை வந்தால்? அடிக்கவும் முடியாது; ஓடவும் முடியாது. உடம்பு மட்டும் ஓட்டத்துக்குத் தயாராகி நிற்கிறது. அதுதான் கவலை.

பழங்கால மக்களுக்கு எக்ஸ்ரே தெரியாது. அட்ரினலின் தெரியாது. ஆனால், தொண்டை இறுகுவது தெரிந்தது. அதைக் கொண்டே பெயர் வைத்தார்கள். பெயர் தவறவில்லை!

கவலைக்கு ஒரு நேரம்

சரி, கழுத்தைப் பிடித்த கையை எப்படி எடுப்பது?

"வொர்ரி பண்ணாதே" என்று சொல்வதால் மட்டும் கவலை போய்விடுமா? போகாது. சொன்னவருக்கு மனம் லேசாகிறது. கேட்டவருக்கு அப்படியே இருக்கிறது.

ஆனால், அந்த வார்த்தையில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. தமிழில் "கவலைப்படுகிறேன்" என்கிறோம். அடிபடுவதுபோல், கஷ்டப்படுவதுபோல், கவலையும் நம்மீது வந்து விழுவதாக அதற்குப் பொருள். "வொர்ரி பண்ணாதே" என்னும்போது, கவலை நாம் பண்ணுகிற ஒரு வேலையாகிவிடுகிறது. வந்து விழுவதைத் தடுக்க முடியாது. ஆனால், பண்ணுகிற வேலையைத் தள்ளிப் போடலாம் அல்லவா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்க்கோவெக் என்ற மனநூல் நிபுணர் இருந்தார். அவரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1983-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கவலையை ஒழி என்று அவர்கள் சொல்லவில்லை. கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்கு என்றார்கள்!

அந்த முறை மிகவும் எளிது. தினமும் அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். அதே நேரம்; அதே இடம். மற்ற நேரத்தில் கவலை வந்தால், "உன் நேரம் இது அல்ல, அப்புறம் வா" என்று மனத்துக்குள் சொல்லிவிட்டு, கையில் இருக்கும் வேலையைப் பார்க்க வேண்டும். அந்த அரை மணி வந்ததும் உட்கார்ந்து நன்றாகக் கவலைப்படலாம். கவலையைத் தீர்க்க என்ன வழி என்றும் யோசிக்கலாம்.

இப்படிச் செய்தவர்களுக்கு நாள் முழுவதும் இருந்த கவலை குறைந்தது. கேட்டால் வேடிக்கையாக இருக்கும். ஆனால், காரணம் இருக்கிறது. படுக்கையில் கவலைப்பட்டுப் பழகினால், படுக்கையைப் பார்த்தாலே கவலை வரும். சாப்பாட்டு நேரத்தில் கவலைப்பட்டுப் பழகினால், சோற்றைப் பார்த்தாலே கவலை வரும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கட்டிப் போட்டால், அது மற்ற இடங்களில் மேயாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாக் கவலையும் ஒன்றல்ல. மாதக்கணக்கில் ஓயாத கவலை, தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலை ஓடவில்லை என்றால், அது நோயாக இருக்கலாம். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போகிறோம் அல்லவா? அதுபோல் இதற்கும் போக வேண்டும். வெட்கப்பட ஒன்றும் இல்லை. நம் நாட்டில் 2022-ம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு "டெலி மனஸ்" என்ற தொலைபேசி உதவியைத் தொடங்கியது. எண் 14416. தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது. நெஞ்சு வலி திடீரென்று இறுக்கிப் பிடித்தாலோ, கவலைதானே என்று சும்மா இருக்கக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மந்தையில் தனியாக நிற்கும் ஆட்டைத்தான் ஓநாய் பிடிக்கும். மற்ற ஆடுகள் சூழ்ந்து நின்றால் அது கிட்டே வரத் தயங்கும். கவலையும் அப்படித்தான். தனியாக உட்கார்ந்து மனத்துக்குள் உருட்டிக்கொண்டிருப்பவரின் கழுத்தைத்தான் அது சுலபமாகப் பிடிக்கிறது. வாய் திறந்து மனைவியிடமோ, கணவனிடமோ, ஒரு நல்ல சிநேகிதரிடமோ சொல்லிவிட்டால், பாதிப் பிடி அப்போதே தளர்ந்துவிடும். தொண்டை இறுகியிருந்தால்தானே பேச்சு வராது? பேச்சு வந்துவிட்டால், தொண்டை இளகிவிட்டது என்றுதானே பொருள்!

ஆகவே, உங்கள் வீட்டில் யாராவது முகம் வாடி உட்கார்ந்திருந்தால், "வொர்ரி பண்ணாதே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். "என்ன விஷயம்? சொல்லு" என்று கேளுங்கள்.